15 வருஷம் வாசிச்சிட்டு கிட்டார் கிளாஸ்ல போய் உக்காந்த கதை

வீட்ல நானே தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டு 15 வருஷமா கிட்டார் வாசிக்கிறேன். யாராவது பாடினா பின்னாடி கார்டு (சில ஸ்வரங்கள ஒண்ணா சேத்து வாசிக்கிறது) போடுவேன், ஃபிரெண்ட்ஸ் கூட்டத்துல நான்தான் பெரிய கிட்டாரிஸ்ட். ஆனா ரொம்ப வருஷமா அதே எட்டு கார்டு, அதே ஸ்ட்ரம்மிங், ஒரு அடி நகரல. சரி ஒழுங்கா ஒருத்தர்கிட்ட கத்துக்கலாம்னு கிளம்பினேன்.

முதல்ல போன எடம் முழு வேஸ்ட். மூணு மாச ஃபீஸ முன்னாடியே கட்டச் சொன்னாங்க, நானும் யோசிக்காம கட்டிட்டேன். என்ன வாசிக்கத் தெரியும்னு ஒரு வார்த்தை கேக்கல. சார், நான் கொஞ்சம் வாசிப்பேன்னு நானே சொன்னா, "இருக்கட்டும், எல்லாரும் இங்கருந்துதான்"னு புக்க விரிச்சு வச்சு முதல் ஸ்ட்ரிங்ல இ, எஃப், ஜின்னு மூணு நோட்டு. மூணு வாரமும் அதே மூணு நோட்டுதான். நான் வாசிக்க வாசிக்க அவர் போன நோண்டிட்டு இருப்பார், நிறுத்தினா "ம், இன்னொரு தடவ". அடிப்படையிலேர்ந்து ஆரம்பிக்கட்டும், வேணாங்கல, ஆனா என் கைய ஒரு தடவயாவது திரும்பிப் பாத்திருக்கலாம்ல? நாலாவது வாரம் நின்னுட்டேன். மிச்ச காசு போனது போனதுதான்.

ரெண்டாவது மாஸ்டர் என்னைவிட ரொம்ப சின்னவர், என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவார். "ஏதாவது வாசிங்கண்ணா"ன்னார். இருக்கறதுலயே நல்லா வர்றத எடுத்து விட்டேன். முழுசா கேட்டுட்டு, டிக் டிக்னு தாளம் குடுக்கற மெட்ரோனோம நிமிஷத்துக்கு 60 டிக்னு வச்சு "இப்ப இதோட வாசிங்க"ன்னார். மானம் போச்சு. ஈஸியான எடத்துல டிக் வர்றதுக்குள்ள நான் ஓடிப்போய் நிக்கிறேன், எஃப் கார்டு வந்தா இழுக்கறேன். இத்தனை வருஷமா பாடுறவங்கதான் என்னை அட்ஜஸ்ட் பண்ணிருக்காங்க போல, பாவம்.

அப்புறம் கை. கட்டை விரல் நெக்குக்கு (கிட்டாரோட நீளமான கழுத்துக்கு) மேல எட்டிப் பாக்குது, சுண்டு விரல் ஒவ்வொரு கார்டு மாத்தும்போதும் தனியா பறந்துட்டு வருது. எஃப் மாதிரி, ஒரே விரலால பல ஸ்ட்ரிங்க சேத்து அழுத்தற பாரே கார்டுக்கு கட்டை விரல நெக்குக்குப் பின்னாடி இறக்கி, ஆள்காட்டி விரல லேசா உருட்டி ஓரத்து எலும்பு பக்கமா அழுத்தணுமாம். கேக்க ஈஸி, எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, கை அதுபாட்டுக்கு பழைய எடத்துக்கே ஓடிடும். நடுவுல நல்லா வந்துட்டிருந்ததும் வராம போச்சு, அந்த நேரத்துலதான் விட்டுடலாம்னு இருக்கும், விட்றாதீங்க.

இவ்ளோ பண்ணியும் எஃப்ல ரெண்டாவது ஸ்ட்ரிங் மட்டும் டப்புனு செத்துடும், விரல் மடிப்பு கரெக்டா அதுமேல விழுது. ஒருநாள் மாஸ்டர் என் கிட்டார வாங்கிப் பாத்துட்டு, முதல் ஃபிரெட்ல (ஃபிரெட்னா நெக்குல குறுக்கா பதிச்சிருக்கற கம்பி) எல்லா ஸ்ட்ரிங்கயும் அழுத்திப் பிடிக்கற கேப்போங்கற கிளிப்ப மாட்டி, "அதே ஷேப்ப ஒரு ஃபிரெட் தள்ளிப் பிடிங்கண்ணா"ன்னார். பிடிச்ச ஒடனே ஆறு ஸ்ட்ரிங்கும் பேசுது! பாத்தா பிரச்சினை நட்டுல, அதான் நெக்கோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கெல்லாம் உக்கார்ற சின்னப் பட்டை. அதுல இருக்கற பள்ளம் ஆழம் பத்தாம ஸ்ட்ரிங் ஒசரமா நின்னிருக்கு, அதனால முதல் ஃபிரெட்ல அழுத்த அவ்ளோ பலம் தேவைப்பட்டுருக்கு. கேப்போ போட்டா அந்த ஒசரம் கணக்குல வராது. 15 வருஷமா நான் என் விரலத் திட்டிட்டு இருந்தேன். எஃப் வராதவங்க எல்லாரும் இந்த கேப்போ டெஸ்ட் பண்ணிப் பாருங்க, லேசா வித்தியாசம்னா பரவால்ல, திடீர்னு ரொம்ப ஈஸியாச்சுன்னா ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுங்க. நீங்களே அரம் எடுத்து ராவாதீங்க, கொஞ்சம் அதிகமா போனாலும் சும்மா அடிக்கிற ஸ்ட்ரிங் ஃபிரெட்ல இடிச்சு கரகரன்னும், அப்புறம் நட்டையே மாத்தணும்.

சேரப் போறவங்க ஒரு கிளாஸ் சும்மா உக்காந்து பாத்துட்டு காசு கட்டுங்க. உங்களுக்கு என்ன வரும்னு பெருமையடிக்காம, எது வரலன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. மெட்ரோனோம் போட்டு வாசிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க, கடுப்பாதான் இருக்கும்.

போன வாரம் 60ல சி கார்டுலேர்ந்து எஃப்புக்கு எட்டு தடவ மாத்தினேன், எட்டு தடவையும் அந்த ரெண்டாவது ஸ்ட்ரிங் கேட்டுது. பாராட்டுவார்னு நிமிந்து பாத்தா, மாஸ்டர் மெட்ரோனோம 66க்குத் தள்ளிட்டு இருக்கார்.