ரங்கூன் டெல்லி தூரம்தான்

வியாசர்பாடில பர்மால இருந்து வந்த குடும்பம் நிறைய, எங்களோடதும் அதுல ஒண்ணு. வீட்டுல பெரியவங்க ரங்கூன் கதை சொல்லி சொல்லி, அது எங்கயோ எட்டாத தூரத்துல இருக்குற ஊருன்னே மனசுல பதிஞ்சு போச்சு. இப்ப ஆயாவை ஒரு தடவை கூட்டிட்டு போய் காட்டிட்டு வரணும்னு வீட்டுல பேச்சு ஓடுது, சரின்னு உக்காந்து தூரம், நேரம் எல்லாம் பாத்தேன்.

மீனம்பாக்கத்துல இருந்து ரங்கூன் ஏர்போர்ட் நேர்கோட்டுல சுமார் 1,770 கிலோமீட்டர். சென்னை டு டெல்லியும் கிட்டத்தட்ட அவ்ளோதாங்க! போர்ட் பிளேரே 1,370 வருது, அதை விட ஒரு 400தான் கூட. நேரா பறந்தா மூணு மணி நேரத்துக்குள்ள போயிடலாம்.

ஆனா நாங்க பாத்த தேதிக்கு நேர் ஃப்ளைட் எதுவும் காட்டல, எல்லாம் பாங்காக் வழிதான். இங்கேர்ந்து பாங்காக் 2,230 கிலோமீட்டர், அதாவது ரங்கூனையும் தாண்டி கிழக்கால போயிட்டு, அங்க உக்காந்து வெயிட் பண்ணி, வேற ஃப்ளைட் மாறி மறுபடி 600 கிலோமீட்டர் திரும்பி வரணும். மொத்தம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல சும்மா சுத்துறோம், மூணு மணி நேரத்துல முடிய வேண்டியது அரை நாளுக்கு மேல இழுக்குது. எனக்கு இது ரொம்ப அநியாயமா படுது. இவ்ளோ பர்மா குடும்பம் இருக்குற ஊருக்கு தினம் ஒரு ஃப்ளைட் நேரா இருக்க வேணாமா?

நேரம் பாக்கும்போது இன்னொண்ணு, பர்மா நமக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. இங்க காலைல 10 மணிக்கு கிளம்பி ரெண்டே முக்கால் மணி நேரம் பறந்தா அங்க கடிகாரத்துல 1:45, திரும்பி வர்றப்ப அதே 10 மணிக்கு ஏறுனா இங்க 11:45க்கு எறங்கிடலாம். அதுவும் மழைக்காலத்துல, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், மேல கிழக்குல இருந்து மேற்கால வேகமா காத்து அடிக்கும், அதனால போறப்ப கொஞ்சம் லேட்டு, வர்றப்ப சீக்கிரம்.

ஆயா வந்தது கப்பல்ல. 1964ல அங்க கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டும் செல்லாதுன்னுட்டாங்க, கையில இருந்தத விட்டுட்டு வந்து நம்ம துறைமுகத்துல எறங்குன ஜனம் அது. மணிக்கு பத்து கடல் மைல் போற கப்பல்னா நாலு நாளாவது ஆகும். அதுக்கும் முன்னாடி, 1942ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப, மணிப்பூர், அசாம் பக்கமா காட்டுல மலைல நடந்தே வந்தவங்க லட்சக்கணக்குல, வழியிலயே செத்தவங்களும் நிறைய. இதே தூரம்தான், யாருக்கு எப்படி வழி கிடைச்சுதோ அப்படி.

ஆயாவுக்கு எம்பது தாண்டிடுச்சு, பாங்காக்ல மணிக்கணக்கா உக்கார வைக்க மனசு வரல. கொல்கத்தா வழின்னா மொத்தம் 2,400 கிலோமீட்டர்தான் வருது, சுத்து கம்மி. அந்த ரூட்ல சமீபத்துல போயிட்டு வந்தவங்க இருந்தா சொல்லுங்க, வாரத்துல என்னைக்கு ஃப்ளைட், வீல்சேர் ஒழுங்கா கிடைக்குதா, நடுவுல எவ்ளோ நேரம் உக்காரணும், இது மூணும் தெரிஞ்சா டிக்கெட் போட்டுடுவேன்.