செராமிக் வளையம் உடைவது எப்போது

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலையில் பராமரிப்பு வேலை என்றால் வருஷத்துப் பாடு முழுக்க ஜூன், ஜூலையில்தான். தோத்தாபுரி லாரிகள் வாசலில் வரிசை கட்டும்போது பம்ப் நிற்கக் கூடாது. ஆனால் நின்றுவிடும். காரணம் பெரும்பாலும் மோட்டார் இல்லை, உள்ளங்கையில் அடங்கும் மெக்கானிக்கல் சீல். சுழலும் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் கசிவை அடைக்கும், ஒன்றோடொன்று உரசும் இரண்டு வளையங்கள் அது. எங்கள் பம்புகளில் கார்பன் வளையம் சுழலும், வெள்ளை அலுமினா செராமிக் வளையம் அசையாமல் இருக்கும். நடுவே ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) அளவுக்கு நீர்ப்படலம். அது இருக்கும்வரை கவலையில்லை.

சீசன் முடிந்ததும் கழற்றிய சீல்களை மேஜையில் பரப்பிப் பார்ப்பேன். பொறுமையாகத் தேய்ந்த செராமிக் அபூர்வம். பலவற்றில் உள்விளிம்பிலிருந்து வெளியே ஓடும் மயிரிழை விரிசல்கள்தான் இருக்கும். அலுமினாவை மணல்கூடக் கீறாது. அதை உடைப்பது சூடு.

வளையங்கள் பார்வைக்குச் சமதளம். உண்மையில் சில மேட்டுப்புள்ளிகள்தான் தொடுகின்றன, உராய்வின் வெப்பம் முழுவதும் அங்கேதான் பிறக்கிறது. பம்பின் உடம்பைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தப் புள்ளியோ கொதித்துக்கொண்டிருக்கும். சூடான இடம் விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி விடாது. எஃகு என்றால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். செராமிக்குக்கு அந்தக் குணம் கிடையாது.

தொட்டி காலியாகி பம்ப் உலர்ந்து ஓடினால் சீல் கீச்சிடும். ஆபரேட்டர் பதறி ஓடிப்போய்த் தண்ணீரைத் திறப்பார். அங்கேதான் வினை. சூடான லாந்தர் சிம்னியில் தண்ணீர் தெறித்த கதைதான்: மேற்பரப்பு மட்டும் சட்டென்று சுருங்கும், உள்ளே சூடு அப்படியே நிற்கும், இழுபட்ட மேற்பரப்பு விரிசல் விடும். சுமார் 200 டிகிரி வித்தியாசம் திடீரென்று வந்தாலே அலுமினாவுக்குப் போதும். “சத்தம் கேட்டுச்சுன்னுதான் தண்ணி உட்டேன்ணா” என்பார்கள். முதலில் மோட்டாரை நிறுத்து, ஆறட்டும், அப்புறம் தண்ணீர் என்று சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது.

விரிசல் விழுந்த பிறகு தேய்மானம் வேறு கணக்கு. விளிம்பிலிருந்து துகள்கள் பெயர்ந்து இடையில் சிக்கி கார்பனைச் சீவும். போதாததற்கு, சூட்டில் கூழின் சர்க்கரை இறுகி இரண்டு வளையங்களையும் ஒட்டவைக்கும். காலையில் சுவிட்ச் போட்டதும் கார்பன் பிய்த்துக்கொண்டு வரும்.

சீல் விற்க வருகிறவர்கள் கடினத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் வெப்பக் கடத்தலைக் கேட்பேன். ஒருவர் ஜிர்கோனியா என்ற இன்னொரு செராமிக்கைக் காட்டினார். லேசில் உடையாது, நல்ல சரக்குதான். ஆனால் வெப்பத்தை அலுமினாவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கடத்தும். இடைவிடாமல் உரசும் இடத்துக்கு வேண்டாம் என்றேன். கடைசியில் கார்பனுக்கு எதிரே சிலிக்கான் கார்பைடு என்ற செராமிக் வளையம் வைத்தோம். விலை கூடுதல், ஆனால் அலுமினாவைவிடக் குறைந்தது 3 மடங்கு வேகமாகச் சூட்டை வெளியே தள்ளும்.

உலர்ந்து ஓடினால் அதுவும் தாங்காது. அதனால் தொட்டி காலியாகும் முன்பே மோட்டாரை நிறுத்த லெவல் சுவிட்ச் வைத்திருக்கிறோம். கூழில் நுரை ஏறினால் அது ஏமாந்துவிடுகிறது. இப்போதைக்கு அந்தத் தொட்டிப் பக்கம் ஓர் ஆளையும் நிறுத்தியிருக்கிறேன்.