அடுத்த தகவல் எத்தனை மணிக்கு?

ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டாம் வருடம். இரவு ஒன்பதரை இருக்கும். ரயில் ஓட்டத்தைக் கவனிக்கும் கன்ட்ரோல் அறையிலிருந்து போன்: "முன்னால வண்டி தடம் புரண்டிருக்கு. லைன் பிளாக். விவரம் அப்புறம்." அவ்வளவுதான். "விபத்துன்னு மைக்ல சொல்லிடாதே, ஜனங்க பதறிடுவாங்க" என்றார் மேலதிகாரி. நானும் "இயக்கக் காரணங்களால் ரயில்கள் தாமதமாக வரும், சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்குள் விஷயம் பிளாட்பாரம் முழுக்கப் பரவிவிட்டது, பாதி பொய்யோடு. எந்த வண்டி என்றே தெரியாமல் பலர் அழுதார்கள். ஒரு அம்மா கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "லேட்டா வருமா, வரவே வராதா? அதையாவது சொல்லுப்பா." அவர் மகன் அந்தப் பாதையில் வந்துகொண்டிருந்தான்.

"எனக்கே இன்னும் தெரியலைம்மா. பதினோரு மணிக்கு கன்ட்ரோல்ல கேட்பேன். என்ன சொன்னாலும் வந்து சொல்றேன்."

அவர் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பதினோரு மணிக்கும் செய்தி இல்லை. எழுந்து போய், "இன்னும் தெரியலைம்மா, பதினொன்றரைக்கு மறுபடி கேட்கிறேன்" என்றேன். தலையாட்டினார். பன்னிரண்டு மணிவாக்கில்தான் தெரிந்தது, தடம் புரண்டது வேறு வண்டி. மகன் வந்த வண்டியைப் பின்னால் ஒரு ஸ்டேஷனில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

'தெரியவில்லை' என்ற பதிலை மக்கள் தாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த தகவல் எப்போது என்று சொல்லாமல் விடுவதைத்தான் தாங்க முடிவதில்லை. அன்றிலிருந்து என் அறிவிப்புகளில் மூன்று விஷயம் இருக்கும்: என்ன நடந்தது, எது இன்னும் தெரியாது, மறுபடி எத்தனை மணிக்குச் சொல்வேன்.

வண்டிக்குள் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2025 ஜனவரி 22 அன்று மகாராஷ்டிராவின் ஜல்காவ் அருகே புஷ்பக் எக்ஸ்பிரஸில் தீப்பிடித்ததாக ஒரு வதந்தி. செயினை இழுத்து வண்டியை நிறுத்திவிட்டு, பலர் பக்கத்துத் தண்டவாளத்தில் குதித்தார்கள். எதிரே கர்நாடகா எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தீ எதுவும் இல்லை. வேகமாக வரும் ரயில் பிரேக் போட்ட இடத்தில் நிற்காது, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். நடுவழியில் இறங்கியே ஆகவேண்டுமென்றால் பக்கத்தில் தண்டவாளம் இல்லாத பக்கமாக இறங்குங்கள். இதை அன்றாட அறிவிப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று பலமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜெர்மனியின் எஷெடேவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1998 ஜூன் 3. சக்கரத்தின் இரும்பு வளையம் உடைந்து பெட்டியின் தரையைத் துளைத்துக்கொண்டு வந்தது. பார்த்த பயணி அவசர பிரேக்கை இழுக்கவில்லை. கண்டக்டரைத் தேடிப் போனார். கண்டக்டரோ, தான் நேரில் பார்க்காமல் வண்டியை நிறுத்தக் கூடாது என்ற விதியை நம்பினார். 101 பேர் இறந்தார்கள். அந்தப் பயணியைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. எப்போது இழுக்கலாம் என்று அவருக்கு யார் சொல்லிவைத்தார்கள்? 'காரணமின்றி இழுத்தால் அபராதம்' என்று எழுதி வைக்கிறோம். எது காரணம் என்பதை எழுதுவதில்லை.

விபத்து இரவுகளில் மிகவும் கஷ்டமானது முன்பதிவில்லாப் பெட்டி. அதில் யார் ஏறினார்கள் என்பதற்குப் பட்டியலே கிடையாது. 2023 ஜூன் 2 அன்று ஒடிஷாவின் பாலசோரில் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு எத்தனையோ உடல்களை டி.என்.ஏ. சோதனை வைத்துத்தான் குடும்பங்களிடம் ஒப்படைக்க முடிந்தது. தேடி வருபவர்களிடம் நாங்கள் பெயரோடு, எந்த ஸ்டேஷனில் ஏறினார், என்ன சட்டை போட்டிருந்தார் என்றும் கேட்டு எழுதிக்கொள்வோம். என் பழைய நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் நேரக் குறிப்புகள், நடுவில் 'நீலக் கோடு போட்ட சட்டை', 'பச்சைச் சேலை', 'பையன், எட்டு வயது, மஞ்சள் பனியன்'.