இரண்டு மஞ்சள் கோபிகளும் ஒரு மொட்டைக் கிளையும்

என் கடல்மீன் தொட்டியில் வளரும் பவளக் கிளையின் அடியில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்த அன்று, சோதனைக் குப்பிகளை எல்லாம் பரப்பிவைத்து உட்கார்ந்துவிட்டேன். காரத்தன்மை 8, கால்சியம் 420, உப்படர்த்தி 1.025. எதிலும் குறையில்லை. அக்ரோபோரா என்ற இந்தக் கிளைப் பவளத்தில் சதை அடியிலிருந்து உரியத் தொடங்கினால் சில சமயம் ஒரே இரவில் மொத்தமும் போய்விடும். சுண்டுவிரல் அளவுத் துண்டாக வாங்கி, இரண்டரை வருடத்தில் தேங்காய் அளவுக்கு வளர்த்தவனுக்கு அந்த வெள்ளையைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது நானில்லை, அம்மா. தூத்துக்குடியிலிருந்து சிங்கப்பூருக்கு எங்களோடு சில வாரம் தங்க வந்திருந்தாள். தொலைக்காட்சியைவிட என் தொட்டிதான் அவளுக்குப் பிடித்திருந்தது. நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் கீரை ஆய்வாள்.

“எய்யா, சீக்கெல்லாம் ஒன்றுமில்லை. அந்த மஞ்சள் குட்டிதான் காலையிலிருந்து அதே இடத்தைக் கொத்திக்கொண்டிருக்கிறது.”

அந்தக் குட்டியின் பெயர் மஞ்சள் கோபி. சிங்கப்பூரில் கோபி என்றால் காப்பி, எங்கள் தெருவில் கோபி என்றால் எதிர்வீட்டுப் பையன். இரண்டையும் சொல்லி அம்மா ஒரு வாரம் சிரித்தாள். ஒகினாவா தீவின் பெயரைத் தன் அறிவியல் பெயரில் சுமக்கும் இந்த மீன் முழுதாக வளர்ந்தாலும் மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. உடம்பில் செதிலே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு நச்சுப் பசை மேலெல்லாம் பூசியிருக்கும், வாயில் போட்ட பெரிய மீன் துப்பிவிடும். அந்தத் தைரியமோ என்னவோ, இது மற்ற மீன்களைப் போல நீந்தித் திரிவதில்லை. கிளை இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரர் வாடகை கேட்க வந்தால் பார்க்கிற மாதிரி நம்மைப் பார்க்கும்.

இப்போதிருப்பவை இரண்டாவது தடவை வாங்கியவை. முதலில் வாங்கிய ஒற்றை மீன் பதினெட்டு நாளில் செத்தது. கடையிலேயே அதன் வயிறு ஒட்டிப்போயிருந்தது. அதைக் கவனிக்காமல் வாங்கியது என் பிழை. கொண்டுவந்து, பரபரப்பாக ஓடித் தின்னும் ராஸ் மீன்களோடு விட்டது அதைவிடப் பெரிய பிழை. கோபி உணவைத் துரத்தாது, அதன் முகத்துக்கு நேரே வரவேண்டும். இப்போது சைக்ளோப்ஸ் என்ற நுண்ணுயிரை உறைந்த கட்டியாக வாங்கிக் கரைத்து, நீண்ட பிப்பெட்டால் கிளைக்குப் பக்கத்தில் நாளுக்கு மூன்று முறை ஊதுகிறேன். கோபி வாங்க நினைப்பவர்கள், கடைக்காரரை உங்கள் கண்முன்னே அதற்கு உணவு போடச் சொல்லுங்கள். தின்னாவிட்டால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை இரண்டு குட்டிகளாக வாங்கினேன். ஆணா பெண்ணா என்று பார்க்கத் தேவையில்லை. இந்த இனங்களில் ஆண் பெண்ணாகலாம், பெண் ஆணாகலாம், இரண்டு பக்கமும் வழி உண்டு. பவளப்பாறையில் ஒரு கிளைப் பவளத்திலிருந்து இன்னொன்றுக்குத் துணை தேடிப் போவது உயிரைப் பணயம் வைக்கிற பயணம். அதனால் பக்கத்தில் கிடைத்ததோடு குடும்பம் நடத்த உடம்பே இடம் கொடுத்திருக்கிறது. இதை அம்மாவிடம் எப்படி விளக்குவது என்று தயங்கினேன். “நல்ல ஏற்பாடுதான்” என்று சொல்லிவிட்டுக் கீரையைத் தொடர்ந்தாள்.

அம்மா சொன்ன பிறகு நானும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். இரண்டும் மாறிமாறிக் கிளையைச் சுற்றிச் சதையை உரித்தன. ஒரு விரற்கடை அகலத்துக்குப் பவளத்தின் எலும்பு வெளுத்து நின்றது. மூன்றாம் நாள் அந்த எலும்பின்மேல் கசகசாவை ஒட்டினாற்போல் முட்டைகள். ஒன்று மேலே போய் உட்கார்ந்துகொண்டது. மற்றது, அதுதான் தகப்பன், முட்டைகளை விட்டு நகரவே இல்லை. செவுள் பக்கத்துத் துடுப்பால் விசிறிக்கொண்டும், வாயால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டும் கிடந்தது. நத்தை ஒன்று ஊர்ந்து வந்தபோது அதன் ஓட்டில் போய் முட்டியது. நத்தை இதன் உடம்பைப்போல் இரண்டு மடங்கு.

இயற்கையில் பவளம் கூடை அளவு இருக்கும், ஒரு வளையம் போனால் அதற்கு ஒன்றுமில்லை. நூறு லிட்டர்த் தொட்டியில் சிறு துண்டு தாங்காது. உரித்த இடத்தில் பாசி பிடிக்கும், கிளை நுனிவரை செத்துப்போகும். சிறு அக்ரோபோரா வைத்திருப்பவர்கள் இந்த மீனை ஒத்திப்போடுவதே நல்லது.

ஆனால் பவளமும் இவற்றை வெறும் சுமையாக நினைப்பதில்லை. டேனியெல் டிக்சன், மார்க் ஹே என்ற இருவர் ஃபிஜித் தீவில் செய்த ஆய்வு 2012இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. நச்சுப் பாசி ஒன்று அக்ரோபோராவில் பட்டதும் பவளம் நீரில் ஏதோ ஒரு வாசனையை விடுகிறது. கால் மணி நேரத்துக்குள் கோபிகள் வந்து பாசியைக் கத்தரிக்கின்றன. பாசி மட்டும் ஊறிய நீரை விட்டுப் பார்த்தார்கள், மீன்கள் அசையவில்லை. காயம்பட்ட பவளத்தருகே எடுத்த நீருக்கு ஓடிவந்தன. மூன்று நாளில் பாசி 30 சதவீதம் குறைந்தது. அங்கே பார்த்தது இதன் ஒன்றுவிட்ட சகோதர இனங்களை. என் தொட்டியில் பச்சைப் பாசி மண்டியபோது என் கோபிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குப் பவளம் என்றால் சுண்ணாம்புக் கல். மன்னார் வளைகுடாவில் வெட்டிவந்து, சுண்ணாம்புக்குச் சுட்டார்கள், சுவரிலும் வைத்தார்கள். “நம் வீட்டில் இப்படி ஒரு தொட்டி வைக்கலாமா?” என்று கேட்டாள். முடியாது என்றேன். 2001இல் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களைப் புலியோடு ஒரே அட்டவணையில் சேர்த்துவிட்டது. “அப்போது நம் சமையல்கட்டுச் சுவரை என்ன செய்வது?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

முட்டையிட்ட ஐந்தாம் நாள் இரவு, விளக்கு அணைந்த பிறகு முட்டைகள் பொரிந்தன. டார்ச் வெளிச்சத்தில் தூசி மாதிரி ஒரு கூட்டம் மேலே வந்தது. பம்பை நிறுத்தினேன், ஒரு கிண்ணத்தில் கொஞ்சத்தை மொண்டு வைத்தேன். அவற்றின் வாய்க்குள் போகிற அளவுக்கு நுண்ணிய உணவு என்னிடம் இல்லை. விடியும்போது கிண்ணத்தில் தண்ணீர்தான் இருந்தது. அம்மா எதுவும் சொல்லாமல் கிண்ணத்தைக் கழுவிவைத்தாள்.

ஊருக்குப் போன பிறகும் ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிட்டு, பேரனைக் கேட்பதற்கு முன்னால் மீனைக் கேட்கிறாள். போன வாரம் போனைக் கண்ணாடியருகே பிடித்துக் காட்டினேன். இந்தத் தடவை உச்சியில் உள்ள கிளையை மொட்டையடித்திருக்கின்றன. அதைத்தான் ஒடித்துத் தருவதாக நண்பர் ஒருவரிடம் சொல்லியிருந்தேன்.

“கையை வைத்துவிடாதே” என்றாள் அம்மா. அடுத்த மாதம் வரச்சொல்லி நண்பருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.