மொத்தம் ஏழு, எழுத்தில் ஆறு

மதுரை கோரிப்பாளையத்தில், ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மாடியில் இயங்கிய பயிற்சி மையத்தில் சில ஆண்டுகள் ஐஇஎல்டிஎஸ் என்ற, வெளிநாடு செல்வோர் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு வேலைக்குப் போக நினைத்த செவிலியர்கள். இரவுப் பணி முடித்த கையோடு வந்து, கண் எரிச்சலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

2018-ன் தொடக்கத்தில், உசிலம்பட்டிப் பக்கத்துச் செவிலியர் ஒருவரின் மதிப்பெண் தாளை அவருடைய தந்தை எடுத்துக்கொண்டு வந்தார். கேட்டல் 7.5, வாசித்தல் 7, பேசுதல் 7, எழுதுதல் 6. மொத்தம் 7 என்று இருந்தது. "ஏழுதானே கேட்டாங்க, ஏழு போட்டிருக்கே சார். பெறகு எதுக்குத் திரும்ப எழுதணும்?" என்றார். நான்கையும் கூட்டினால் 27.5, நான்கால் வகுத்தால் 6.875, அதை அருகிலுள்ள அரைக்கோ முழுமைக்கோ கொண்டுபோனால் 7 என்று தாளிலேயே போட்டுக் காட்டினேன். சராசரி காலில் முடிந்தால் அரைக்கும், முக்காலில் முடிந்தால் அடுத்த முழு எண்ணுக்கும் ஏற்றிக்கொடுப்பது இத்தேர்வின் வழக்கம். ஆனால் பிரிட்டனின் செவிலியர் பதிவு மன்றம் அப்போது மொத்தத்தில் மட்டுமல்லாமல் நான்கு பிரிவுகளிலும் தனித்தனியாக ஏழு கேட்டது. பிளஸ் டூ தேர்வைப் போல ரீவேல்யூவேஷன் போடலாமா என்று கேட்டார். ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனாலும் வேண்டாம் என்று தடுத்தேன். எழுதுதலில் கிடைத்த அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று எனக்குள் ஒரு சந்தேகம் அப்போதே எழுந்திருந்தது.

கேட்டலும் வாசித்தலும் நம் ஊர்த் தேர்வு முறைக்குப் பழகியவர்களுக்கு எளிதில் பிடிபடும். ஒவ்வொன்றிலும் 40 கேள்வி, சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கழிவு இல்லை. ஏறத்தாழ 30 சரியாக இருந்தால் ஏழு கிடைக்கும். இத்தேர்வின் இன்னொரு வகையான பொதுப் பயிற்சிப் பிரிவின் வாசித்தலுக்கு மட்டும் அதே ஏழுக்கு 34 வரை தேவைப்படும். கேட்டலில் எழுத்துப்பிழை விட்டாலோ, பன்மை விகுதியை விழுங்கினாலோ, இரண்டு சொல்லுக்கு மிகாமல் என்ற இடத்தில் மூன்று சொல் எழுதினாலோ அந்த ஒரு மதிப்பெண் போய்விடும். இவ்வளவுதான்.

எழுத்துத் தேர்வு அப்படிப்பட்டதன்று. முதல் கேள்விக்கு 150 சொல், இரண்டாவதற்கு 250 சொல் குறைந்தபட்சம் எழுத வேண்டும். இரண்டாவதற்கு முதலாவதைப் போல இரு மடங்கு எடை. கேட்டதற்கு விடை சொல்லியிருக்கிறாரா, கருத்து கோவையாக ஓடுகிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணத்தின் விரிவும் திருத்தமும் எப்படி என்ற நான்கு அளவைகளுக்கும் சம இடம் தரப்படுகிறது. ஒவ்வோர் அளவையிலும் பேண்ட் எனப்படும் ஒவ்வொரு மதிப்பெண் படிக்கும் எழுதி வைத்த வர்ணனை ஒன்று உண்டு. தேர்வாளர் பிழைகளை எண்ணிக் கழிப்பதில்லை, எந்த வர்ணனையோடு இந்த விடை பொருந்துகிறது என்றே பார்க்கிறார். பக்கம் கூடினால் மதிப்பெண் கூடும், முக்கியக் குறிப்புகளை அடிக்கோடிட்டால் திருத்துபவர் கண்ணில் படும் என்ற வளர்ப்பில் வந்த எனக்கே இது மனத்தில் இறங்கச் சில ஆண்டுகள் ஆயின.

இறங்குவதற்கு முன் நான் செய்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். கட்டுரையைத் தொடங்கவும் முடிக்கவும் ஆயத்த வாக்கியங்களைத் தொகுத்து, ஒவ்வொரு வரியின் தலையிலும் 'மோர்ஓவர்', 'பர்தர்மோர்' என்று வைக்கும்படி ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். அந்தச் செவிலியர் அதை ஒரு எழுத்து பிசகாமல் மனனம் செய்தவர். கருத்துக் கோவைக்கான ஆறாம் பேண்டின் வர்ணனையை மறுபடி எடுத்துப் படித்தபோது, இணைப்புச் சொற்கள் இயந்திரத்தனமாக அமைந்திருக்கலாம் என்ற பொருளில் ஒரு வரி அங்கே இருந்தது. முன்பும் படித்த வரிதான். அது என் ஜெராக்ஸைப் பற்றிய வரி என்று அன்றுதான் உறைத்தது.

அடுத்த வாரம் அவரிடம் இதை விளக்கத் திணறிக்கொண்டிருந்தேன். அவரே குறுக்கிட்டு, "ஜிசிஎஸ் மாதிரிதானே சார்?" என்றார். தலைக்காய நோயாளியின் நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலைத்தான் சொன்னார். தானாகக் கண் திறந்தால் 4, கூப்பிட்டால் திறந்தால் 3, வலி கொடுத்தால் திறந்தால் 2 என்று, நோயாளியின் நிலையை எழுதி வைத்த வர்ணனையோடு பொருத்தி எண் போடுகிறார்கள். மொத்தம் 15 ஆனாலும், கண், பேச்சு, அசைவு மூன்றையும் தனித்தனியே குறிக்காமல் விட்டால் வார்டில் திட்டு விழும், கூட்டுத்தொகைக்குள் எது குறைந்தது என்பது ஒளிந்துகொள்ளும் என்றார். நான் மாதக்கணக்கில் பாடம் எடுத்தும் சொல்ல முடியாததை, தன் பணியிலிருந்து இரண்டு நிமிடத்தில் எடுத்துச் சொல்லிவிட்டார். அதன்பின் வந்த வகுப்புகளில் இந்த உதாரணத்தைக் கூச்சமில்லாமல் கடன் வாங்கிக்கொண்டேன்.

பேசுதல் தேர்வைப் பற்றி நம் பக்கத்தில் உள்ள பயம் வேறு வகையானது. மதுரை வாடை அடிக்கும் ஆங்கிலத்துக்கு மதிப்பெண் குறையும் என்று நம்பி, வெள்ளைக்காரர்களைப் போல இழுத்துப் பேசி, சொன்னதே புரியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும் அந்த உரையாடலில், கேட்பவர் சிரமப்படாமல் புரிந்துகொள்ள முடிகிறதா என்பதுதான் கவனிக்கப்படுகிறது. பேசுபவரின் ஊர் வாடை அல்ல.

ஜெராக்ஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அந்தச் செவிலியர் நாள்தோறும் தன் வார்டில் நடந்த ஒன்றைப் பற்றி, இணைப்புச் சொல் தேவைப்படும் இடத்தில் மட்டும் வைத்து, ஒரு பக்கம் எழுதிவந்தார். 2019-ல் மறுபடி தேர்வெழுதியபோது எழுத்தில் 6.5 வந்தது. 2018 டிசம்பரிலேயே பதிவு மன்றம் எழுத்துக்கான தேவையை 6.5 ஆகக் குறைத்திருந்ததால் அதுவே போதுமானதாயிற்று. பழைய விதி நீடித்திருந்தால் என் புதிய பாடமும் அவருக்கு உதவியிருக்காது. தாள் வந்த அன்று அவருடைய தந்தை போன் செய்தார். மொத்தம் எவ்வளவு என்று நான் சொல்ல வாயெடுத்ததுமே மறித்து, "அது கெடக்கட்டும் சார், எழுத்துல எவ்வளவு?" என்றார்.