பத்துத் தோட்டாக்கள்

வங்கிக் கிளை மேலாளராக உட்கார்ந்த முதல் நாள் காலையில் நான் கையெழுத்துப் போட்டது பணப் பதிவேட்டில் இல்லை, தோட்டாப் பதிவேட்டில். 12 போர் (குழலின் துளை அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, தோட்டா பத்து. கொடுத்தேன் என்று நான், வாங்கினேன் என்று காவலர். சாயங்காலம் அதையே திருப்பிப் போட வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு தாலுகா ஊர். காவலர் 17 வருஷம் ராணுவத்தில் இருந்து வந்தவர். ஊருக்கே அவர் மிலிட்டரி அண்ணாச்சி. என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கும் அண்ணாச்சிதான். தினமும் காலையில் குழலை மடக்கித் திறந்து, இரண்டு துளை வழியாகவும் டியூப்லைட்டைப் பார்ப்பார். எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. தோட்டாக்கள் இடுப்பு பெல்ட்டுக்குப் போகும். குழலில் ஏற்ற மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஸ்கூல் பிள்ளைக வந்துபோற இடம் சார். போடணும்னா ரெண்டு செகண்டு."

அந்த இரண்டு செகண்டுக்கு அவசியமே வரவில்லை. அவர் உண்மையில் செய்த வேலை வேறு. பென்ஷன் நாளில் வரிசை பிடிப்பார், எழுதத் தெரியாத ஆச்சிகளுக்குச் செல்லான் எழுதிக் கொடுப்பார். பத்து ரூபாய் நோட்டைக் கீழே போட்டு, "பெரியவரே, உங்க பணம் விழுந்துட்டு" என்று சொல்லிப் பையைத் தூக்கும் கும்பல் அப்போது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. செல்லான் கையில் இல்லாமல் கேஷ் கவுன்டர் பக்கம் நிற்கிறவனை அண்ணாச்சி வாசலிலிருந்தே பார்த்துவிடுவார். "என்னடே, யாரைப் பாக்கணும்?" என்று ஒரு குரல். ஆள் நழுவிவிடுவான்.

2012 ஜனவரியில் சென்னை பெருங்குடியிலும் பிப்ரவரியில் கீழ்க்கட்டளையிலும் வங்கிக் கிளைகளில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தார்கள். அதற்காகத் தேடப்பட்ட ஐந்து பேரை வேளச்சேரியில் போலீஸ் சுட்டுக் கொன்றது. அடுத்து நடந்த மேலாளர்கள் கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை. கேமரா, அலாரம் எல்லாம் பேசி முடித்த பிறகு, டீ நேரத்தில் ஒருவர், "நமக்கே ஆளுக்கொரு பிஸ்டல் லைசென்ஸ் வாங்கித் தரணும். நகைக்கடன் நகையெல்லாம் நம்ம பொறுப்பிலதானே இருக்கு?" என்றார். தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. நேரம் முடிந்த பிறகு ஒரு பாட்டியை அண்ணாச்சி உள்ளே விட்டுவிட்டார். கேஷியர் சின்னப் பையன், அன்றைக்குக் கணக்கில் வேறு இடித்திருந்தது. எல்லார் முன்னாலும் கத்திவிட்டான். "வாசல்ல நிக்கத்தானே உமக்குச் சம்பளம்?" என்பது வரை போய்விட்டது. அண்ணாச்சி பதில் பேசாமல் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று குழல் மூடும் சத்தம். அது காலையில் கேட்கும் சத்தம், மத்தியானம் கேட்கக் கூடாதது. எழுந்து கேபின் கதவுக்கு வருவதற்குள் அவரே எதிரே வந்து நின்றார். துப்பாக்கியை மறுபடி திறந்து என் மேஜைமேல் வைத்தார். பெல்ட்டைக் கழற்றித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக நிறுத்தினார்.

"இதை உள்ள வச்சுப் பூட்டிருங்க சார். இன்னிக்கு என் கையில இருக்க வேண்டாம். பத்தா இருக்கான்னு எண்ணிக்கிடுங்க."

எண்ணினேன். ஒரு தடவை ஒன்பது வந்தது, மறுபடி எண்ணினால் பத்து. அவர் கை நடுங்கவில்லை, என் கைதான் நடுங்கியது. மறுநாள் காலை வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். நான் மேலிடத்துக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் குடைகிறது.

17 வருஷப் பழக்கம் இருந்ததால் எப்போது கீழே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்திருக்குமா? அதே மாதம் ஒரு கடன்காரர் நோட்டீஸைக் கிழித்து என் முகத்தில் எறிந்திருந்தார். என் மேஜை டிராயரில் பிஸ்டல் இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன்தான். ஆனால் அது இருக்கிற நினைப்பு வந்திருக்கும். அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சு எழுந்தபோது நான் தலையாட்டவில்லை.

2021 ஜூனில் உத்தரப் பிரதேசத்துப் பரேலியில் மாஸ்க் தகராறில் ஒரு வங்கிக் காவலர் வாடிக்கையாளரைக் காலில் சுட்டார். செய்தியைப் படித்ததும் எனக்கு அந்த 'டக்'தான் கேட்டது. அடுத்த வருஷம் சென்னை அரும்பாக்கத்தில் நகைக்கடன் நிறுவனத்தில் கொள்ளை. காவலாளிக்குக் கொடுத்தது மயக்க மருந்து கலந்த குளிர்பானம், மாட்டியவர்களில் முக்கியமானவர் அதே நிறுவனத்து ஊழியர். உள்ளே வேலை பார்க்கிறவர்கள் எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி இருந்தால், அவர் இடுப்பிலும்தானே இருந்திருக்கும்?

டெக்சாஸில் இருக்கும் தங்கை மகன் இதைக் கேட்டுச் சிரித்தான். அங்கே 2011இலிருந்து, ஊழியர் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியைப் பூட்டிய காருக்குள் வைத்து ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்தினால் பெரும்பாலான முதலாளிகளால் தடுக்க முடியாது. உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வாசலில் போர்டு வைத்தால், அது ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு அங்குல எழுத்தில் இருக்க வேண்டுமாம். "காருக்கும் சீட்டுக்கும் நடுவில நூறு அடி நடக்கணும் மாமா, அதுக்குள்ள கோபம் ஆறிடும்" என்றான். இருக்கலாம். அண்ணாச்சிக்கு வாசலிலிருந்து என் மேஜைவரை முப்பது அடி.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர் ஒப்பந்தக் காவலாளி, கையில் தடி மட்டும். துப்பாக்கி ஸ்ட்ராங் ரூமில் கிடந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்கும் முறை வந்தது. அப்போது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, இப்போது ஐந்து. துப்பாக்கியை நேரில் காட்டச் சொன்னார்கள். லைசென்ஸில் அதைக் கையாளும் ஆளாக இன்னும் அண்ணாச்சி பெயர்தான் இருந்தது. போன் போட்டேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். துளை வழியாக டியூப்லைட்டைப் பார்த்தார். "துரு ஏத்திட்டீங்களே சார்" என்றார். கித்தான் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்ன அண்ணாச்சி, நாயனமா?" என்றான்.

"ஆமாடே. வாசிச்சதே இல்ல" என்றார் அண்ணாச்சி.