பன்னிரண்டு வோல்ட் வருகிறது, ஆனால் வரவில்லை

மூன்று வாரமாக என் 2011 வேகன் ஆரில் எரிந்துகொண்டிருந்த எஞ்சின் விளக்கு நேற்று சாயங்காலம் அணைந்தது. இன்று அலுவலகம் போய் வந்தும் எரியவில்லை. இப்போதே எழுதிவிடுகிறேன், நாளை மறுபடி எரிந்து மானத்தை வாங்கினாலும் வாங்கும்.

ஸ்கேனரில் வந்த பழுது கோட் பி0135, முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். எஞ்சின் புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளப்பது அந்தச் சென்சார், அதைச் சூடாக்குவது ஹீட்டர். மெக்கானிக் அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார். மாற்றினேன். மூவாயிரத்துச் சொச்சம் போனது. இரண்டாம் நாள் அதே கோட், அதே விளக்கு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்கேனர் 'சர்க்யூட்' என்றுதான் சொன்னது, 'சென்சார்' என்று படித்தவன் நான்.

கழற்றிய பழைய சென்சாரைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒரே நிறத்தில் இரண்டு வயர் இருக்குமே, அதுதான் ஹீட்டர். அளந்தால் 6.2 ஓம். புதியது 5.9. ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. சரி, மீதியையும் பார்ப்போம் என்று சமையலறை அடுப்பைப் பற்றவைத்து, இடுக்கியால் பிடித்துச் சென்சாரின் முனையைச் சுடரின் உள்நீலத்தில் காட்டினேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. முனை சிவக்க ஆரம்பித்ததும், சிக்னல் வயரில் மாட்டிய மல்டிமீட்டர் 0.3, 0.6 என்று ஏறி 0.82 வோல்ட்டில் நின்றது. வெளியே எடுத்தால் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. மறுபடி காட்டினால் மறுபடி ஏறியது. பதினான்கு வருடப் பழைய சென்சார் இப்படி வேலை செய்வதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பின்னால் நின்ற அம்மா, "இனிமே இந்த அடுப்புலதான் நான் பால் காய்ச்சணுமா?" என்று கேட்கும் வரைக்கும்.

ஆக, பழுது வயரில். இங்கேதான் என் மல்டிமீட்டர் என்னை ஒரு வாரம் ஏமாற்றியது.

சாவியை ஆன் செய்து, சாக்கெட்டைக் கழற்றி, ஹீட்டர் சப்ளை பின்னில் அளந்தேன். 12.3 வோல்ட், பேட்டரிக்கு ஏறக்குறைய சமம். ஃபியூஸிலிருந்து சாக்கெட் வரை கன்டினியூட்டி, அதாவது வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தேன், பீப் என்று கத்தியது. அடுத்து எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.தான் என்று முடிவுகட்டி, புதுப்பேட்டையில் பழைய இ.சி.யு. என்ன விலை என்று விசாரிக்கவே போய்விட்டேன். நல்லவேளை, அன்று கடைக்காரர் சொன்ன விலை என்னைக் காப்பாற்றியது.

விஷயம் இதுதான். மல்டிமீட்டர் மின்னோட்டத்தை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். வயருக்குள் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். பீப் சத்தமோ பல மீட்டர்களில் முப்பது நாற்பது ஓம் இருந்தால்கூடக் கேட்கும். ஆனால் ஆறு ஓம் ஹீட்டர் இரண்டு ஆம்பியர் கேட்கும். அந்த இரண்டு ஆம்பியரை இழுத்துப் பார்த்தால்தான் வயரின் யோக்கியதை தெரியும்.

அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு போதும், 12 வோல்ட்டில் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும், கிட்டத்தட்ட ஹீட்டர் அளவுதான். பல்புக்கு இரண்டு வயர் சாலிடர் வைத்து, ஒன்றைச் சப்ளை பின்னிலும் மற்றொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் கொடுத்தேன். கண்ணைக் கூசவைக்க வேண்டிய பல்பு, அணையப்போகிற ஊதுபத்தி மாதிரி செம்மையாக முழித்தது. பல்பின் குறுக்கே 4.1 வோல்ட். மீதி எட்டு வோல்ட்டுக்கு மேல் வழியில் எங்கேயோ காணாமல் போகிறது.

பல்பு எரியும்போதே, மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வைத்துவிட்டு, கறுப்பு முனையோடு வழிநெடுகப் போனேன். அந்தந்த இடம் வரை தொலைந்த வோல்ட்தான் மீட்டரில் தெரியும். ஃபியூஸின் வெளிப்பக்கம் 0.2. தையல் ஊசியால் வயரைக் குத்திப் பார்த்த முதல் இடம் 0.3. ஒரு சாண் தள்ளி அடுத்த இடம் 8.2. அந்த ஒரு சாணுக்குள்தான் ஆள் ஒளிந்திருக்கிறான். (குத்திய ஓட்டைகளை அப்படியே விடாதீர்கள். நான் தங்கையின் நகப்பூச்சு வைத்தேன். சிவப்பு. மானம் போகிறது.)

வயர்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக் குழாயை, அதாவது கன்டியூட்டைப் பிரித்தால், பேட்டரி தட்டுக்குக் கீழே வளையும் இடத்தில் யாரோ முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட். டேப்பை உரித்ததும் செம்பு தெரியவில்லை, பச்சைப் பொடிதான் கொட்டியது. இழுத்த இழுப்பில் கையோடு வந்துவிட்டது. இந்த வண்டியை 2016-இல் வேளச்சேரிக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

நகரத்துக்குள் மைலேஜ் ஏன் விழுந்தது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் (இ.சி.ஆர்.) போனால் ஏன் சரியாக இருந்தது என்பதும் இப்போது புரிகிறது. சென்சார் முன்னூறு டிகிரிக்கு மேல் சூடானால்தான் பேசும். வேகமாகப் போகும்போது புகையின் சூடே போதும். சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் அது குளிர்ந்துவிடுகிறது, இ.சி.யு. கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோலை ஊற்றுகிறது. போஷ் 1976-இல் கொண்டுவந்த முதல் சென்சார்களில் ஹீட்டரே கிடையாது, 1982-இல்தான் வந்தது. என் வண்டி சத்தமில்லாமல் 1976-க்குத் திரும்பியிருந்தது.

ஜாயின்ட்டைச் சாலிடர் வைக்காமல் கிரிம்ப் செய்தேன், அதாவது உலோகக் குழலுக்குள் வயர்களை வைத்து நசுக்கி இறுக்கினேன். ஹார்னஸ் (வண்டியின் வயர்க்கட்டு) பக்கம் சாலிடர் வைத்தாலும் குடிமுழுகாது, அதிர்வில் ஒடியும் என்ற பயம்தான். ஆனால் சென்சாரோடு வரும் வயரில் சாலிடர் வைக்கவே கூடாது. பல சென்சார்கள் புகையோடு ஒப்பிட வேண்டிய வெளிக்காற்றை அந்த வயர் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயமும் ஃபிளக்ஸும் அதை அடைத்துவிட்டால் சென்சாருக்கு மூச்சுத் திணறும். இதே காரணத்துக்காகச் சென்சார் சாக்கெட்டில் கிரீஸும் வேண்டாம். வெட்டி ஒட்டுகிற மாதிரி யுனிவர்சல் சென்சார் வாங்குகிறவர்கள் கிரிம்ப் கருவியையும் சேர்த்து வாங்குங்கள். ராட்செட் வைத்ததாக, முழுதாக அழுத்தினால்தான் விடுகிற வகையாகப் பாருங்கள். ரிச்சி தெருவில் என்னுடையது எழுநூறு ரூபாய். ஜாயின்ட்டின் மேல் சூட்டில் சுருங்கி இறுகும் குழாயான ஹீட் ஷ்ரிங்க், உள்ளே பசை தடவியது, அங்கேயே கிடைக்கும். "பசை உள்ளது" என்று அழுத்திக் கேளுங்கள், இல்லையென்றால் சாதாரணத்தைக் கட்டிவிடுவார்கள்.

ஜாயின்ட் முடிந்ததும் பல்பை மாட்டினேன். 11.8 வோல்ட், பார்க்க முடியாத வெளிச்சம். ஸ்டார்ட் செய்து ஸ்கேனரில் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள் சென்சார் 0.1-க்கும் 0.8-க்கும் நடுவே ஊஞ்சலாட ஆரம்பித்துவிட்டது. ஐட்லிங்கில் பத்து நிமிடம் நிறுத்தியும் தூங்கவில்லை.

பழைய சென்சாரைத்தான் மறுபடி மாட்டியிருக்கிறேன். புதியது டப்பாவில் இருக்கிறது, மாட்டிய பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டாராம். அடுத்து அதே பல்பை வைத்து எஞ்சின் எர்த் வயர்களைப் பார்க்க வேண்டும், செல்ஃப் எடுக்கும்போது ஒரு சோம்பல் தெரிகிறது. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவதற்குள் அதை முடிக்க வேண்டும். கன்டியூட்டை இன்னும் மூடவில்லை, துணி டேப் தீர்ந்துவிட்டது. இப்போதைக்கு அந்த இடத்தில் ஒரு ஆவின் பால் கவர் சுற்றியிருக்கிறேன்.